எத்தனை நாள் நினைவு?

கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர் தெருவின் கோடியில் இருக்கிறது பரதேசி ஜெப ஆலயம். 1568இல் கட்டப்பட்டது. உள்ளே போகும் பயணிகள் அண்ணாந்து சரவிளக்குகளைப் பார்க்கிறார்கள். குனிந்து, கையால் தீட்டிய சீன ஓடுகளைப் பார்க்கிறார்கள். ஆனால் ஆலயத்தின் உண்மையான சொத்து அதன் செப்பேடுகள்தான். சுமார் கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகளை வழங்கியதற்கான சாசனம் அது. சுங்க விலக்கு, பகல் விளக்கு, பல்லக்கு, குடை, தோரணம் என்று பட்டியல் நீள்கிறது. எழுத்து, வட்டெழுத்து. சாசனத்தில் கால வரம்பும் உண்டு: உலகமும் சந்திரனும் உள்ள வரை. தமிழ்க் கல்வெட்டுகளில் ‘சந்திராதித்தவரை’ என்று வருமே, அதே கணக்கு.

ஆலயத்திலிருந்து சிறிது நடந்தால் பஜார் ரோடு. மிளகு, ஏலம், சுக்கு, அரிசி என்று மொத்த வியாபாரக் கிடங்குகள் நிறைந்த பகுதி. இப்படி ஒரு வியாபாரத்தின் கணக்கு முன்பு தடித்த பேரேடுகளில் இருந்தது. இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறது. பில், ஏற்றுமதிப் பத்திரம், வங்கிக் கடிதம் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டு ஆவண நிர்வாக சாஃப்ட்வேருக்குள் போகின்றன. அந்த சாஃப்ட்வேரும் கால வரம்பு கேட்கிறது. ‘எத்தனை நாட்களுக்குப் பிறகு அழிக்கலாம்?’ அதற்குப் பக்கத்தில் ஒரு சிறிய கட்டம். சந்திரன் உள்ள வரை என்று அதில் எழுத முடியாது. எண் மட்டுமே போடலாம்.

அந்த எண்ணை யார் போடுகிறார்கள், எதை வைத்துப் போடுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

முதலில் கட்டத்துக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் ஆவணங்கள் சேரும் எந்த சாஃப்ட்வேரிலும் யாராவது குப்பை அள்ள வேண்டியிருக்கிறது. பாதியில் கைவிட்ட வரைவுகள், ஒரே படத்தின் பத்துப் பிரதிகள், கெடு முடிந்த ஆவணங்கள் என்று அது பெருகிக்கொண்டே போகும். மனிதர் உட்கார்ந்து பொறுக்க முடியாது. எனவே சாஃப்ட்வேரே இந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. அலுவலகம் அடைத்த பிறகு, பெரும்பாலும் நள்ளிரவில், ஆவணக் கிடங்கை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து பார்க்கிறது. விதிக்குள் அடங்குவதை எடுக்கிறது; அழிக்கிறது அல்லது இடம் மாற்றுகிறது. திரையில் எந்தச் சலனமும் இராது. காலையில் வருபவருக்கு இரவு என்ன நடந்தது என்று தெரியாது. இதைத் தானியங்கித் துப்புரவு என்று சொல்லலாம்.

துப்புரவுத் தொழிலாளிக்கு மேஸ்திரி உத்தரவு கொடுப்பதுபோல இதற்கும் உத்தரவு கொடுக்க வேண்டும். அதற்குத்தான் செட்டிங்குகள். வேலை நடக்க வேண்டுமா, கூடாதா? எந்த வகை ஆவணங்களைத் தொடலாம்? எத்தனை நாள் ஆனவற்றை? நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? எந்த நேரத்தில் ஓடலாம், ஒரு முறைக்கு எத்தனை? தொடவே கூடாதவை எவை? அழித்ததை எங்கே எழுதி வைப்பது? இந்த ஏழு கேள்விகளுக்கும் பதில் சொல்லாவிட்டால், சாஃப்ட்வேர் எழுதியவர் எப்போதோ போட்டுவைத்த பதில் அமலாகும். பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான்.

எண் என்றால் அதன் அர்த்தம் எல்லா இடத்திலும் ஒன்றுதானே என்று நினைக்கலாம். அப்படி இல்லை. உலகெங்கும் இணையதளங்கள் நடத்தப் பயன்படும் வேர்ட்பிரஸ்ஸில், நீக்கிய கட்டுரை குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். பிறகு தானாக அழியும். அந்த 30ஐ மாற்றி 0 என்று போட்டால் என்ன ஆகும்? ‘ஒருபோதும் அழிக்காதே’ என்று பொருள் கொள்பவர் ஏமாறுவார். குப்பைத்தொட்டியே இல்லாமல் போய்விடும். நீக்கியது நீக்கிய கணமே அழியும். இதே வேலையைச் செய்யும் இன்னொரு சாஃப்ட்வேர் ட்ருபால். அதில் தற்காலிக ஃபைல்களுக்கு வழக்கமான ஆயுள் ஆறு மணி நேரம். அங்கே 0 என்று போட்டால் ‘ஒருபோதும் அழிக்காதே’ என்று அர்த்தம். ஒரே பூஜ்யம், ஒரு வீட்டில் உடனடி மரணம், பக்கத்து வீட்டில் சாகாவரம்.

ட்ருபாலுக்கு இன்னொரு கதையும் உண்டு. எந்தக் கட்டுரையிலும் பயன்படாத படங்களை அது தானாகவே தற்காலிகப் பட்டியலில் சேர்த்து அழித்துவந்தது. ஆனால் பயன்பாட்டை எண்ணும் கணக்கில் பிழைகள் இருந்தன. பயன்பாட்டில் இருந்த படங்களுக்குக்கூட ‘பயன்பாடு பூஜ்யம்’ என்று கணக்கு வரக்கூடும். அவையும் குப்பையோடு போகக்கூடும். 2017 அக்டோபரில் வந்த 8.4 பதிப்பில், இந்தத் தானியங்கி அழிப்பையே நிறுத்தி வைத்தார்கள். குப்பை சேர்ந்தால் சேரட்டும், நல்ல ஃபைல் போகக் கூடாது என்பது அவர்களுடைய முடிவு. குப்பையைப் பிறகும் அள்ளலாம். போன ஃபைல் பிறகு வராது.

எண்ணும் சரி, அர்த்தமும் சரி. அப்போதும் தவறு நடக்கலாம். 2020 ஆகஸ்டில் கே.பி.எம்.ஜி. என்ற உலகளாவிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் அது நடந்தது. ஊழியர்களின் உரையாடல்களை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற விதியில் ஒரே ஒருவருக்கு மாற்றம் செய்யப் போனார்கள். மாற்றம் ஒருவர் மேல் விழாமல் எல்லோர் மேலும் விழுந்தது. சுமார் 1,45,000 பேரின் தனி உரையாடல்கள் அழிந்தன. திரும்பக் கிடைக்கவில்லை. ஊரார் கணக்கின் ஆதாரங்களைக் கேட்டு வாங்குவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்கு இப்படி ஆனது.

இப்போது பஜார் ரோடு பில்லுக்குத் திரும்பலாம். 2023 ஏப்ரலில் விற்ற மிளகுக்கான பில் என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆவது பிரிவு அதை 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. செப்பேட்டில் 72 உரிமைகள். சட்டத்தில் 72 மாதங்கள். கம்ப்யூட்டர் பையன் ‘ஆறு வருஷம்தானே’ என்று 2,190 நாள் போட்டுவிட்டுப் போகிறான். சாஃப்ட்வேர் பில்லின் தேதியிலிருந்து எண்ணுகிறது. 2029 ஏப்ரலில் பில் மறைகிறது.

ஆனால் சட்டம் பில் தேதியிலிருந்து எண்ணவில்லை. அந்த வருஷத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடு தேதியிலிருந்து எண்ணுகிறது. 2023-24க்கு அது 2024 டிசம்பர் 31. அதிலிருந்து 72 மாதம் என்றால் 2030 டிசம்பர். ஆக, எண் சரியாக இருந்தும் எண்ணத் தொடங்கிய தேதி தவறியதால், இருபது மாதம் முன்னதாகவே ஆதாரம் போய்விட்டது. வியாபாரி கம்பெனியாகப் பதிவு செய்தவரானால் கம்பெனிச் சட்டமும் வருகிறது. அது எட்டு நிதியாண்டுகளின் கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் வைத்திருக்கச் சொல்கிறது. அதன்படி 2032 மார்ச் வரை கைவைக்கக் கூடாது. ஒரே பில்லுக்கு இரண்டு சட்டம், இரண்டு ஆயுள். எது நீளமோ அதுவே செட்டிங்கில் போக வேண்டும்.

அதோடு முடியவில்லை. மேல்முறையீடோ விசாரணையோ நடந்துகொண்டிருந்தால், அது தீர்ந்து ஓராண்டு வரை அல்லது வழக்கமான கெடு வரை, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்கிறது அதே 36ஆவது பிரிவு. துப்புரவுக்கு இது எப்படித் தெரியும்? நோட்டீஸ் வந்திருப்பது மேஜையில் இருப்பவருக்குத்தான் தெரியும். அவர்தான் அந்த ஆவணத்தின் மேல் ‘தொடாதே’ என்ற குறியைப் போட வேண்டும். நல்ல சாஃப்ட்வேர் எல்லாவற்றிலும் இந்தக் குறிக்கு இடம் உண்டு. நோட்டீஸை வாங்கும் மேஜைக்கும் செட்டிங்கைத் தொடும் மேஜைக்கும் பேச்சுவார்த்தை இல்லாத அலுவலகத்தில்தான் ஆபத்து.

பில் போனால் அபராதம் கட்டித் தப்பலாம். வேறு சில பதிவுகள் அப்படி அல்ல. கண்காணிப்பு கேமராவின் பதிவுப் பெட்டியிலும் இதே தானியங்கித் துப்புரவுதான் வேலை செய்கிறது. இத்தனை நாள் ஆனதும் பழையதை அழி, அல்லது இடம் நிறைந்ததும் பழையதன் மேல் எழுது என்று அதற்கு உத்தரவு. அந்த உத்தரவு ஒரு கொலை வழக்கின் நடுவில் வந்து நின்ற இடம், தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளம்.

2020 ஜூன் 19 அன்று ஊரடங்கு நேரத்தில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள் ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும். 22ஆம் தேதி இரவு மகனும், 23ஆம் தேதி அதிகாலை தந்தையும் இறந்தார்கள். மதுரை உயர்நீதிமன்றக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதன் உத்தரவுப்படி கோவில்பட்டி மாஜிஸ்திரேட் 28ஆம் தேதி காவல் நிலையத்துக்கு நேரில் சென்றார். கேமராக்கள் இருந்தன. பதிவுப் பெட்டியின் ஹார்ட் டிஸ்கில் ஒரு டெராபைட் அளவுக்கு இடமும் இருந்தது. ஆனால் பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி செட்டிங் செய்யப்பட்டிருந்தது என்றும், 19ஆம் தேதி முதலான பதிவுகள் இல்லை என்றும் உயர்நீதிமன்றத்துக்கு அவர் அறிக்கை அனுப்பினார்.

இடம் இல்லாததால் அழிந்தது என்றால் இயந்திரத்தைக் குறை சொல்லலாம். இடம் இருந்தும் அழிந்தது என்றால் கேள்வி வேறு. நாள் கணக்கில் ஒன்று என்று போட ஒரு கை வேண்டும். அல்லது அதைப் பார்த்தும் மாற்றாமல் விட ஒரு கை வேண்டும். அன்றிரவு நிலையத்தில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், தான் கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் சாட்சியமாகச் சொன்னார். கேமராவில் இல்லாமல் போனது அவர் நினைவில் இருந்தது. எல்லா நிலையத்திலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பிக் காலம் தள்ள முடியாது.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பஞ்சாபிலிருந்து வந்த பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தக் கட்டத்துக்கான எண்ணைத் தானே சொல்லிவிட்டது. நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும்; பதிவுகள் 18 மாதம் இருக்க வேண்டும். அவ்வளவு கொள்ளளவுள்ள கருவி சந்தையில் கிடைக்காவிட்டால் கிடைப்பதில் மிக அதிகமானது. எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. அடிபட்டவர் வெளியே வந்து, பயம் தெளிந்து, புகார் கொடுத்து, அது ஒரு நீதிபதியின் மேஜைக்குப் போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகும் என்பதை அறிந்தவர்கள் போட்ட எண் அது.

எண்ணுக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தால் அதைப் பற்றி வாதாடவாவது முடியும். 2025 மே மாதத்தில் தேர்தல் கமிஷன், வாக்குச்சாவடி வீடியோ பதிவுகளை முடிவு அறிவித்த பிறகு 45 நாள் வைத்திருந்தால் போதும் என்று மாநிலத் தேர்தல் அதிகாரிகளுக்கு எழுதியது. அதற்குள் வழக்கு வந்தால் அழிக்கக் கூடாது. 45 என்பது தேர்தல் வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் கெடு. அது போதாது என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. பதிவுகள் தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன என்பது கமிஷன் சொன்ன காரணம். எந்தப் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். எண்ணும் காரணமும் வெளியே தெரிந்ததால்தான் சண்டையே போட முடிந்தது. சாத்தான்குளத்துக் கட்டத்தில் இருந்த எண் யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

அப்படியானால் எதையுமே அழிக்காமல் விட்டால் என்ன? ஹார்ட் டிஸ்க் மலிவாகிவிட்ட காலத்தில் இது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் அதற்கும் விலை உண்டு. குடிமகனின் ஒவ்வொரு அசைவும் எங்கோ ஒரு பெட்டியில் என்றென்றும் கிடக்கிறது என்றால், அது என்றாவது ஒருநாள் தவறான கையில் சிக்கும். 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கின் தீர்ப்பில், கைரேகைச் சரிபார்ப்பு விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்கும் விதியை உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. ஆறு மாதத்துக்கு மேல் கூடாது என்றது. காவல் நிலையக் கேமராவுக்கு நீட்டிய கைதான் ஆதாருக்குக் குறைத்தது. இரண்டிலும் நீதிமன்றம் பார்த்தது ஒன்றைத்தான்: இந்தப் பதிவு யாரைக் காப்பாற்றுகிறது, யாரை மாட்டிவைக்கிறது?

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. பெரிய இணைய வியாபார நிறுவனங்களும் சமூக வலைதளங்களும், மூன்று ஆண்டு எட்டிப்பார்க்காத வாடிக்கையாளரின் விவரத்தை அழித்தாக வேண்டும். ஆனால் அழிப்பதற்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பு அவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். அறிவிப்பு வந்து 18 மாதம் கழித்து அமலாகும் விதி இது. தண்டோரா போட்டுவிட்டுப் பெருக்கு என்கிறது சட்டம். எந்தத் தானியங்கித் துப்புரவுக்கும் இது நல்ல பழக்கம்தான்.

அரசாங்கக் காகிதத்துக்கு இந்த ஜாக்கிரதை முன்பே உண்டு. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம், மத்திய அரசின் ஆவணம் எதையும் விதிப்படி அல்லாமல் அழிக்கக் கூடாது என்கிறது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை. 1892க்கு முந்தைய ஆவணம் என்றால், ஒன்றுக்கும் உதவாதபடி சிதைந்திருந்தாலொழிய தொடவே கூடாது. காகிதத்தைக் கொளுத்துபவரை யாராவது பார்ப்பார்கள்; புகை வரும். நள்ளிரவுத் துப்புரவில் புகை வராது.

பழைய காகிதத்தின் மதிப்பு அதை எழுதிய காலத்தில் தெரிவதில்லை என்பதற்கு மட்டாஞ்சேரியே சாட்சி. 1663 முதல் 1795 வரை கொச்சி டச்சுக்காரர் கையில் இருந்தது. அவர்களுடைய மலபார் ஆவணங்கள் பிரிட்டிஷாரிடம் போய், இன்று சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் டச்சுக் கம்பெனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மிளகு விலையையும் கப்பல் சரக்கையும் எழுதிய குமாஸ்தா அதைச் சரித்திரம் என்று நினைத்திருக்க மாட்டான்.

யூதர்களிடம் இதற்கு ஒரு வழக்கமே உண்டு. இறைவன் பெயர் எழுதிய ஏடு கிழிந்தாலும் குப்பையில் போட மாட்டார்கள். கெனிசா என்ற அறையில் சேர்த்துவைத்துப் பிறகு மண்ணில் புதைப்பார்கள். கெய்ரோவின் பழைய ஜெப ஆலயம் ஒன்றில் புதைக்காமலே விட்டதால், பல நூற்றாண்டுக் காகிதங்கள் தங்கிவிட்டன. 1896-97இல் சாலமன் ஷெக்டர் அங்கிருந்து சுமார் 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வியாபாரம் செய்த யூத வணிகர் ஆப்ரஹாம் பென் யிஜுவைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அந்தக் குவியலிலிருந்து வந்ததுதான். அழிப்பதற்கு முன் ஓர் அறையில் கொஞ்ச காலம் போட்டு வை என்ற பழக்கம், சாஃப்ட்வேர்க் குப்பைத்தொட்டியின் 30 நாளுக்குப் பாட்டன் முறை.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதன் காரணத்தை ஒரு வரி எழுதி வைப்பது. எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறது என்று பார்ப்பது. அமல் செய்யும் முன் ஒத்திகை நடத்துவது, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஃபைல்நெட் போன்ற சாஃப்ட்வேரில், எதையும் அழிக்காமல் எத்தனை ஆவணம் சிக்கும் என்ற எண்ணிக்கையை மட்டும் சொல்லும் முறையே இருக்கிறது. நூறு எதிர்பார்த்த இடத்தில் லட்சம் என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். வழக்கு உள்ளவற்றுக்குத் ‘தொடாதே’ குறி போடுவது. அழித்தவற்றின் பட்டியலை, துப்புரவு எட்டாத இடத்தில் வைப்பது. கடைசியாக, அந்த எண்ணைப் போட்டவர் யார் என்று பெயர் எழுதுவது.

கடைசி யோசனை புதிதல்ல. மட்டாஞ்சேரிச் செப்பேட்டில் உலகமும் சந்திரனும் உள்ள வரை என்று கால வரம்பைச் சொன்ன பிறகு, அதை அறிந்தவர்களாக வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு முதலான நாட்டுத் தலைவர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. முடிவில் எழுதியவன் பெயரும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்த எண்ணுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், செப்பேட்டைக் காட்டலாம். நாள் கணக்கு கேட்கும் கட்டத்தைக் காட்டிக் கேட்டால், பெரும்பாலான அலுவலகங்களில் கிடைக்கும் பதில்: ‘அது தானாகவே அப்படித்தான் சார் இருந்தது.’